தடைக்காலத்துக்கு வாங்கிய எண்ணெய் டின் சிக்கு அடிக்கிறது, என்ன செய்வது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள் என மொத்தம் ஐந்து பேர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இருக்காது. அதனால் கையில் காசு இருக்கும்போதே, ஏப்ரல் முதல் வாரத்தில், செக்கு கடலெண்ணெய் (நிலக்கடலை எண்ணெய்) 15 கிலோ டின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட அடுக்களையில் அடுப்புக்குப் பக்கத்திலேயே டின்னை வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி, தேவைக்கு இரும்புக் கரண்டியால் எடுத்துப் புழங்கியிருக்கிறார்கள். பாதியை மாமியாரின் பித்தளைத் தூக்கில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். மே கடைசியில் எண்ணெயில் பெயிண்ட் மாதிரி ஒரு வாடை. சாப்பிட்டால் தொண்டையில் காறல். இப்போது டின்னிலும் தூக்கிலுமாக ஆறு கிலோ மிச்சம் இருக்கிறது.

"அத்தைக்கு எந்த வாடையும் தெரியவில்லை. புளி உருண்டை போட்டுக் காய்ச்சினால் எண்ணெய் முறிந்துவிடும், எங்கள் காலத்தில் ஜாடியில் ஊற்றி வைத்தால் வருஷம் பூரா நல்லெண்ணெய் கெடாது, உனக்குத்தான் காசின் அருமை தெரியவில்லை என்கிறார்" என்று எழுதுகிறார். இதற்கிடையே ஆறு வயது மகனுக்கு ஓர் இரவு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்திருக்கிறது. இந்த எண்ணெயால்தான் என்று பயந்துபோயிருக்கிறார். சொந்தத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் சோப்பு மாதிரி கசக்கிறது, வீட்டு நெய்யின் மேல் கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது என்பதும் கடிதத்தில் இருக்கிறது. செக்கு எண்ணெயில் ரசாயனம் இல்லாததால் அது கெடவே கெடாது என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியையும் அனுப்பியிருக்கிறார். எண்ணெயைக் கொட்டுவதா, காய்ச்சிப் பயன்படுத்துவதா, கடைக்காரரிடம் திருப்பிக் கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மகனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அதிகம் நடுங்குகிற பகுதி அதுதான். அன்று பொரித்த மீனை ஐந்து பேரும் சாப்பிட்டீர்கள், மகனுக்கு மட்டும்தான் வந்தது, அன்று மாலை அவன் வண்டியில் குச்சி ஐஸ் வாங்கித் தின்றான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கு அடித்த எண்ணெயைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் சிலருக்கு நெஞ்சு கரிக்கும், குமட்டும். எண்ணெய் மிக மோசமாகக் கெட்டிருந்தால் வாந்தியும் பேதியும்கூட வரும். 1964-ல் ஜப்பானில், கெட்டுப்போன எண்ணெயில் பொரித்த உடனடி நூடுல்ஸைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி வந்தது. ஆனால் அப்படிப்பட்ட எண்ணெய் ஒரே வீட்டில் ஐந்து பேரில் ஒருவரை மட்டும் தேடிப் பிடிக்காது. ஐஸில் இருந்த தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். பையன் இப்போது நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிறான் என்றால் எண்ணெய் அவனுக்குள் ஏதோ செய்துவிட்டது என்று இரவில் விழித்திருக்க வேண்டாம். மறுபடி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, சிறுநீர் போகவில்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறான், மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி எண்ணெய். அந்த ஆறு கிலோவைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேல் பெறுகிற பொருளை, அதுவும் வருமானமில்லாத இரண்டு மாதத்தைக் கடந்து வந்த வீட்டில், வேண்டாம் என்று சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். அத்தையிடம் பேசும்போது உங்களுக்குக் காரணம் கையில் இருக்க வேண்டும்.

டின்னுக்குள் என்ன நடந்தது

எண்ணெய் இரண்டு வழியில் கெடும். ஒன்று காற்றால், இன்னொன்று தண்ணீரால். காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து உண்டாகும் பொருள்கள்தான் அந்தப் பெயிண்ட் வாடையைத் தருகின்றன. உங்கள் மூக்கு சரியாகவே சொல்லியிருக்கிறது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த பழைய காலத்து பெயிண்ட் காய்ந்து இறுகுவதும் இதே வினையால்தான். இதில் ஒரு தந்திரம் உண்டு. தொடக்கத்தில் பல வாரத்துக்கு ஒன்றுமே தெரியாது, எண்ணெய் நன்றாகவே இருக்கும். உள்ளே சேர வேண்டியது சேர்ந்த பிறகு சில நாளிலேயே மளமளவென்று கெட்டுவிடும். நேற்று வரைக்கும் நன்றாக இருந்ததே என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சூடு இந்த வினையை விரட்டும். ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் கூடினால் வேகம் இரண்டு மடங்காகும். சித்திரையிலும் வைகாசியிலும் ஷீட் கூரைக்குக் கீழே, அடுப்பின் அனலிலும் ஒரு டின் இருந்தால் அது எவ்வளவு சூடு வாங்கியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடைக்காலம் வருவதே வருஷத்தின் அனல் மிகுந்த மாதங்களில். அந்த மாதங்களைக் கடத்தத்தான் நீங்கள் எண்ணெயைச் சேர்த்து வைக்கிறீர்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை, ஆனால் எண்ணெய்க்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது.

அடுத்தது உலோகம். செம்பும் இரும்பும் மிகச் சிறிய அளவில் எண்ணெயில் கலந்தாலும் போதும், கெடுவது வேகமாகும். பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதான். அத்தையின் தூக்கு எவ்வளவு பளபளவென்று துலக்கியிருந்தாலும் எண்ணெய் வைக்க அது ஆகாது. தகர டின்னும் உங்கள் ஊர் உப்புக் காற்றில் விளிம்பில் துருப் பிடித்துவிடும். உள்பக்கம் விரலை விட்டுப் பாருங்கள், செம்மண் மாதிரி ஒட்டும்.

ஆனால் இவற்றையெல்லாம்விட, கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். "மீன் பொரித்த எண்ணெயை வீணாக்காமல் வடிகட்டி மறுபடி டின்னிலேயே ஊற்றிவிடுவோம்." சகோதரி, உங்கள் டின்னைக் கெடுத்தது பெரும்பாலும் இதுதான். பாலில் உறை ஊற்றுவது போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பொரித்த எண்ணெயில் கெடுதலின் தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அது நல்ல எண்ணெயோடு கலந்தால், அந்த எண்ணெய் தானாகக் கெட எடுத்துக்கொள்ளும் பல வாரங்கள் குறைந்துபோகும். போதாததற்கு மீனின் ஈரம், உப்பு, மசாலாத் துகள் எல்லாம் கூடவே வருகின்றன. சாளை மாதிரிக் கொழுப்புள்ள மீனைப் பொரித்தால் மீனின் சொந்த எண்ணெயும் கொஞ்சம் சட்டியில் இறங்கும். கடலெண்ணெயைவிட மீன் எண்ணெய் இன்னும் சீக்கிரம் சிக்கு அடிக்கக்கூடியது. வாரம் மூன்று நாள் பொரிக்கிறோம் என்கிறீர்கள். அப்படியென்றால் இரண்டு மாதத்தில் இருபது முறைக்கு மேல் அந்த டின்னுக்கு உறை ஊற்றியிருக்கிறீர்கள்.

இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. என் அம்மாவும் அப்பளம் பொரித்த எண்ணெயைத் தூக்கில்தான் திருப்பி ஊற்றுவார். சிக்கனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், எதில் சிக்கனம் கூடாது என்று சொல்லித்தரவில்லை.

புளி போட்டுக் காய்ச்சினால்?

அத்தை சொல்கிற புளி வைத்தியம் முழுக்கக் கற்பனை இல்லை. புளி உருண்டை கசடைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். காயும்போது ஈரம் ஆவியாகும், கூடவே வாடை தருகிற சில பொருள்களும் பறந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாளைக்கு எண்ணெய் திருந்தின மாதிரித் தெரியும். ஆனால் பறக்காமல் தங்கிவிடுகிற கெட்ட பொருள்கள் அப்படியே இருக்கின்றன. அதற்கு மேல் மறுபடி ஒருமுறை சூடு காட்டியதால் கெடுதல் இன்னும் கூடுகிறது. கசடுள்ள நல்ல எண்ணெயைத் தெளியவைக்க அந்த வழி சரி. சிக்கு அடித்த எண்ணெயை நெருப்பு நல்லதாக்காது.

அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றிரண்டு வேளையால் நோய் வராது. மாதக்கணக்காகத் தொடர்ந்தால்தான் பிரச்சினை. எண்ணெயிலிருக்கும் வைட்டமின் ஈ முதலில் அழியும், வயிறு உறுத்தும், பிள்ளைகள் சாப்பாட்டையே வெறுப்பார்கள். உங்களுக்கு வந்த அந்த இன்னொரு செய்தி, ஒரு கரண்டி கெட்ட எண்ணெய் தின்றால் புற்றுநோய் என்பது, பயமுறுத்தல். அதை நம்பவும் வேண்டாம், அதற்கு எதிராக ஒன்றும் ஆகாது என்று துணியவும் வேண்டாம்.

அத்தையின் இன்னொரு பேச்சு, ஜாடியில் நல்லெண்ணெய் வருஷம் பூரா நின்றது என்பது. அது உண்மை. அவர் சொன்னது நல்லெண்ணெய், நீங்கள் வாங்கியது கடலெண்ணெய். எள்ளில் இயற்கையாகவே சில பொருள்கள் இருக்கின்றன, அவை ஆக்சிஜனோடு மல்லுக்கட்டி எண்ணெயைக் காக்கும். மற்றச் சமையல் எண்ணெய்களில் பலவற்றைவிட நல்லெண்ணெய் அதிக நாள் நிற்பது இதனால்தான். பீங்கான் ஜாடியோ வெளிச்சம் விடாது, உலோகம் கிடையாது, வாய்க்குத் துணி கட்டி வீட்டின் இருட்டு மூலையில் வைப்பார்கள். அந்தக் காலத்து வழக்கத்தில் எண்ணெய்க்கு வேண்டியது எல்லாமே இருந்தது. இப்போது எண்ணெய் மாறிவிட்டது, பாத்திரம் மாறிவிட்டது, வைக்கிற இடமும் மாறிவிட்டது. அத்தையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நீங்கள் சொன்னது சரிதான் அத்தை, நாம்தான் ஜாடியை விட்டுவிட்டோம்." பரணில் அந்த ஜாடி இன்னும் இருந்தால் இறக்கிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

செக்கு எண்ணெய் கெடாது என்ற வாட்ஸ்அப் செய்தி தலைகீழானது. செக்கில் ஆட்டிய எண்ணெயில் கடலையின் மணம் இருக்கும், நல்ல பொருள்கள் சில தங்கியிருக்கும். அதோடு கொஞ்சம் ஈரமும் கசடும் சேர்ந்தே இருக்கும். அந்த ஈரமும் கசடும்தான் எண்ணெயைச் சீக்கிரம் கெடவிடும். செக்கு எண்ணெயை விரும்பி வாங்குங்கள், ஆனால் கொஞ்சமாக வாங்குங்கள்.

மூக்கும் கண்ணும் சொல்வது

கெட்ட எண்ணெயைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். மீன் பொரித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் முகர்ந்து பார்க்காதீர்கள், அந்த வாசத்தில் எதுவும் தெரியாது. காலையில், அடுப்பு பற்றவைக்கும் முன், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, இரண்டு கையையும் சூடு பறக்கத் தேய்த்து முகருங்கள். பழைய பெயிண்ட், மெழுகுப் பென்சில், நாள்பட்ட நிலக்கடலை வாடை வந்தால் அது போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் புது எண்ணெய் கொஞ்சத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துத் துப்பிவிடுங்கள். தொண்டையில் காறினால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

பாட்டில் வாயிலும் டின் விளிம்பிலும் பிசின் மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். சட்டியில் ஊற்றியதும் வழக்கத்துக்கு முன்பே புகைவது, பொரிக்கும்போது நுரை அடங்காமல் பொங்குவது, நிறம் கறுத்துக் கெட்டியாவது எல்லாம் எண்ணெய் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

கெடாததைக் கெட்டதென்று கொட்டுகிறவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், அது அதன் இயல்பு. மார்கழிக் காலையில் ரேஷன் பாமாயில் அடியில் வெள்ளையாகத் திரிவதும், ஃபிரிட்ஜில் வைத்த கடலெண்ணெய் கலங்குவதும், நெய் மணல் மணலாக இருப்பதும் அப்படித்தான். செக்கு எண்ணெயின் அடியில் மண்டி தங்கினால் தெளிவை இறுத்துக்கொண்டால் போதும்.

மூக்குக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வெகுநாள் உடலுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும். அந்தக் கடலையைச் செக்கில் ஆட்டினால் நஞ்சில் ஒரு பங்கு எண்ணெயிலும் வரும். வாடை, நிறம், ருசி எதிலும் தெரியாது, காய்ச்சினாலும் முழுக்கப் போகாது. ஆலையில் சுத்திகரிக்கும்போது பெரும்பகுதி நீங்கிவிடுகிறது, செக்கில் அந்த வேலை நடப்பதில்லை. அதனால் செக்குக்காரரின் கடலை மூட்டையை ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள். சுருங்கின, கறுத்த, பூத்த பருப்பைப் பொறுக்கி எடுத்துவிட்டு ஆட்டுகிறவரிடம் மட்டும் வாங்குங்கள். விலை பத்து ரூபாய் கூடினாலும் பரவாயில்லை.

தேங்காய் எண்ணெயும் நெய்யும்

உங்கள் தேங்காய் எண்ணெய் கெட்டது காற்றால் இல்லை, தண்ணீரால். கொப்பரை முழுக்கக் காயாமல் ஆட்டினால் ஈரம் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலங்களைத் தனியே விடுவிக்கும். தேங்காயில் அதிகமாக இருக்கும் அந்த அமிலம்தான் சோப்பு செய்யவும் பயன்படுகிறது. சோப்பு ருசி என்று நீங்கள் எழுதியது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கடற்கரையில் பகலில் காய்ந்த கொப்பரை ராத்திரிப் பனியில் மறுபடி ஈரம் வாங்கிக்கொள்ளும். சாயங்காலமே உள்ளே எடுத்து மூடி வையுங்கள். உடைத்தால் பளிச்சென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. ஆட்டி வந்த எண்ணெயை இரண்டு நாள் தெளியவைத்து இறுத்து, பாட்டிலில் கழுத்து வரை நிரப்புங்கள். இப்போது இருப்பதை விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்யின் மேல் கறுப்புப் புள்ளி பூஞ்சை. மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன் என்கிறீர்கள், வேண்டாம். மெத்தென்ற பொருளில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். நல்ல நெய்யில் பூஞ்சை வளர ஈரமே இருக்காது. வெண்ணெய் காயும்போது சடசடவென்று சத்தம் கேட்கும், தண்ணீர் வெளியேறுகிற சத்தம் அது. அது அடங்கி, அடிக்கசடு பொன்னிறமாகிற வரைக்கும் பொறுத்திருங்கள். முருங்கை இலை போடுவதானால் அதன் ஈரமும் சுண்டி இலை மொறுமொறுப்பாகிற வரை அடுப்பில் வையுங்கள். காய்ந்த கண்ணாடிப் புட்டி, காய்ந்த கரண்டி. இரண்டும் இருந்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுத்து எடுத்து வைக்காதீர்கள். உங்கள் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த புட்டியில் முத்து முத்தாகப் படிந்து உள்ளே இறங்கும்.

கடைக்காரரிடம் கேட்கலாமா

கேட்கலாம், ஆனால் இந்த டின்னுக்கு உங்கள் பக்கம் வலுவில்லை. வாங்கிய அன்று எண்ணெய் நன்றாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரசீது இல்லை, டின்னில் லேபிளும் இல்லை. இரண்டு மாதம் திறந்து புழங்கி, பொரித்த எண்ணெயும் கலந்த பிறகு யாராலும் குற்றம் கடைக்காரர் மேல் என்று நிறுவ முடியாது. தெரிந்த மனிதர் என்றால் மனத்தாங்கல் வளர்க்க வேண்டாம்.

அடுத்த முறை மட்டும் இதைக் கவனியுங்கள். அடைத்து விற்கும் எண்ணெயில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். செக்கில் வாங்கினால் ஆட்டிய தேதியைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். அவர் எதிரிலேயே முகர்ந்து பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிலோவா லிட்டரா என்பதையும் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். 15 லிட்டர் டின்னை 15 கிலோ என்று நினைத்துக் காசு கொடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் நஷ்டம்.

வாங்கித் திறந்ததுமே வாடை அடித்தால் கதை வேறு. எண்ணெயை அப்படியே மூடி, ரசீதோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006, பிரிவு 40-ன்படி கட்டணம் கட்டி நீங்களே பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். ஆனால் அப்படி அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். நஷ்டத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள்ளான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த தடைக்காலத்துக்கு முன்

உங்கள் கணக்கையே எடுத்துப் பார்த்தேன். சுமார் 70 நாளில் ஒன்பது கிலோ செலவாகியிருக்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் சொச்சம். இது நல்ல அளவு, நிறைய வீடுகளில் இதைவிட அதிகம் போகிறது. அப்படியென்றால் மாதம் நாலு கிலோ, தடைக்காலத்துக்கு எட்டு கிலோ போதும். 15 கிலோ டின் என்பது நாலு மாத எண்ணெய். செக்கு கடலெண்ணெய் திறந்தபின் நிழலான இடத்தில் இரண்டு மூன்று மாதம் தாங்கலாம். உங்கள் அடுக்களைக்கு, அந்த வெயிலில், ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

இரண்டு வழி தோன்றுகிறது. ஒன்று, டின்னை நாத்தனார் வீட்டோடும் பக்கத்து வீட்டோடும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மொத்த விலையும் கிடைக்கும், ஆளுக்கு ஐந்து கிலோதான் வீட்டில் இருக்கும். இன்னொன்று, ஒரு மாத எண்ணெயை மட்டும் வாங்கி, அடுத்த மாதத்துக்கான காசைச் செக்குக்காரரிடமே முன்பணமாகக் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தடைக்காலத்தில் கையிலிருக்கும் காசு கரைந்துவிடுமே என்று நீங்கள் பயப்படுவது நியாயமான பயம், அதற்கு இது தடுப்பு. எனக்குப் பிடித்தது முதல் வழி.

வந்த எண்ணெயை அன்றைக்கே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் கண்ணாடிப் புட்டிகளிலோ ஜாடியிலோ கழுத்துவரை நிரப்பி மூடிவிடுங்கள். காற்றுக்கு இடம் விடாதீர்கள். தரையோரம், அடுப்புக்கு எதிர்மூலையில், கட்டிலுக்கு அடியில் ஆனாலும் சரி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள். அடுப்படியில் ஒரு வாரத்துக்கான சிறிய எவர்சில்வர் தூக்கு மட்டும். அது காலியானதும் கழுவி, வெயிலில் காயவைத்து, பிறகே நிரப்ப வேண்டும். பழைய எண்ணெயின் மேல் புதிதை ஊற்றினால் டின் கதைதான் மறுபடியும்.

மீன் பொரிக்க ரேஷன் பாமாயிலை எடுங்கள். சூட்டை அது கடலெண்ணெயைவிட நன்றாகத் தாங்கும், ஒரு லிட்டர் பாக்கெட்டாக வருவதால் மிச்சம் சேராது. நிறைவுற்ற கொழுப்பு அதில் கூடுதல், அதனால் வாரம் மூன்று நாள் பொரிப்பதை ஒரு நாளாக்கி, மற்ற நாள் குழம்பும் தோசைக்கல்லில் வறுவலுமாக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்தால் மிஞ்சுவதும் கொஞ்சமே. மிஞ்சியதை ஆறவைத்து வடிகட்டி, தனிக் கிண்ணத்தில் மூடி, இரண்டு நாளுக்குள் மீன் குழம்பு தாளித்துத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்கவும் வேண்டாம், தூக்கில் ஊற்றவும் வேண்டாம். கடைகளுக்குக்கூடப் பொரித்த எண்ணெயின் கெடுதலுக்கு எல்லை உண்டு. கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது.

இப்போதிருக்கும் ஆறு கிலோவை விளக்கெரிக்கலாம். புகை கொஞ்சம் கூடுதலாக வரும், அதனால் காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். கோழித் தீவனத்தில் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அதுவும் கூடாது. சிக்கு எண்ணெய் தீவனத்திலிருக்கும் வைட்டமின் ஈயை அழித்துவிடும், குஞ்சுகள் தலை திரும்பி விழும். சாக்கடையிலோ கடலிலோ ஊற்றாதீர்கள். வேண்டாததை மரத்தூளில் உறிஞ்சவைத்துக் குப்பையில் சேருங்கள்.

கடைசியாக அத்தையைப் பற்றி. அவருக்கு 68 வயது, எண்ணெய் வாடை கொஞ்சமும் தெரியவில்லை என்கிறீர்கள். அவர் பிடிவாதத்தால் அப்படிச் சொல்வதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வயது ஏற ஏற முகரும் சக்தி குறையும், கொரோனா வந்துபோன சிலருக்கும் அது முழுக்கத் திரும்பவில்லை. மெல்ல மெல்லக் குறைவதால் அவர்களுக்கே தெரியாது. உங்களுக்குப் பளிச்சென்று அடிக்கிற வாடை அவருக்கு நிஜமாகவே இல்லாமல் இருக்கலாம். நீங்கள் கண்டிப்பாக அடிக்கிறது என்று சொல்லச் சொல்ல, மருமகள் குறை கண்டுபிடிக்கிறாள் என்றுதான் அவருக்குப் படும். இதற்காக நான் கவலைப்படுவது எண்ணெயை விடவும் சமையல் கேஸை நினைத்து. சிலிண்டர் கசிந்தால் முதலில் தெரிவிப்பது வாடைதான். நீங்கள் வெளியே போகும்போது அவரும் பிள்ளைகளும்தானே வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு நாள் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது அவரைக் கண்ணை மூடச் சொல்லி, காபித்தூள், மல்லித்தழை, கருவாடு என்று ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டிக் கேளுங்கள். இரண்டு மூன்றைச் சொல்ல முடியாவிட்டால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். மூக்கடைப்பு, சதை வளர்ச்சி மாதிரி குணமாக்கக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். அதுவரை ராத்திரியும், வீட்டை விட்டுப் போகும்போதும் சிலிண்டர் ரெகுலேட்டரை நிறுத்துகிற வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.